1996இல் சொன்னதும் இன்று கையில் இருப்பதும்: அந்தக் கால இணையத்தைப் பார்த்தவர்கள் சொல்லுங்களேன்

நெல்லை மதி:

எல்லோருக்கும் வணக்கம். நான் பாளையங்கோட்டையில் இதழியல் படிக்கும் மாணவன். போன வாரம் வகுப்பில் அமெரிக்க எழுத்தாளர் ஜான் பெர்ரி பார்லோ எழுதிய இணையவெளி விடுதலைப் பிரகடனத்தைப் படித்தோம். 1996 பிப்ரவரி 8ஆம் தேதி, சுவிட்சர்லாந்தின் டாவோஸில் இருந்து எழுதியிருக்கிறார். உலக அரசுகளைப் பார்த்து, இங்கே உங்களுக்கு அதிகாரம் கிடையாது, எங்களை விட்டுவிடுங்கள் என்கிறார். இனம், பணம், படைபலம், பிறப்பு எதையும் வைத்து யாரையும் தள்ளி நிறுத்தாத ஓர் உலகத்தை உருவாக்குகிறோம் என்கிறார்.

படிக்கும்போது எனக்கு 2018 மே மாதம்தான் ஞாபகம் வந்தது. தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். அடுத்த நாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டத்திலும் இணையத்தை நிறுத்தினார்கள். நான் அப்போது பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்தேன். தூத்துக்குடியில் இருக்கும் சித்தி குடும்பத்துக்கு என்ன ஆயிற்றோ என்று வீட்டில் எல்லோரும் தவித்தார்கள். ஃபோன் பேச முடிந்தது. ஆனால் தெருவில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள், எது உண்மை என்று சரிபார்க்க வழியில்லை. ஒரே ஒரு உத்தரவில் மூன்று மாவட்டம் இருட்டு.

1998 முதல் 2005 வரை இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் இங்கே நிறைய பேர் இருப்பீர்கள். அப்போது உண்மையிலேயே என்ன நம்பினீர்கள்? அதில் எது நடந்தது, எது நடக்கவில்லை? கட்டுரை எழுதக் கேட்கிறேன் என்றாலும், எனக்கே தெரிந்துகொள்ள ஆசை.

குரோம்பேட்டைக்காரன்:

மதி, ஒரு கணக்கு சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். 1995 ஆகஸ்ட் 15இல் அரசின் தொலைத்தொடர்பு நிறுவனமாக இருந்த விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு தர ஆரம்பித்தது. படங்களோடு பார்க்கக்கூடிய முழு இணைப்பு 250 மணி நேரத்துக்கு 15,000 ரூபாய். மாணவர்களுக்கு 500 ரூபாயில் ஒரு கணக்கு உண்டு, அதில் எழுத்து மட்டும்தான் தெரியும். பார்லோ சொன்ன பிறப்பு பார்க்காத உலகத்துக்குள் இங்கே நுழைந்தவர்கள் யார் என்று அந்தத் தொகையைப் பார்த்தாலே விளங்கும்.

குப்பையும் அப்போதே உண்டு. இந்தக் கடிதத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் வீட்டில் கெட்டது நடக்கும் என்ற மாதிரி மெயில்கள் அலுவலகம் அலுவலகமாகச் சுற்றும். பொற்காலம் என்று யாராவது எழுதினால் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆரணி பிரவுசிங் சென்டர்:

தம்பி, நான் ஆரணியில் 1999 கடைசியில் பிரவுசிங் சென்டர் ஆரம்பித்தவன். இப்போதும் அதே கடைதான். போர்டில் மட்டும் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், பான் கார்டு, டிக்கெட் என்று மாறியிருக்கிறது. பார்லோ என்ன எழுதினார் என்பதை இப்போது நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கடைக்கு வந்தவர்களைப் பார்த்ததை வைத்து எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் நாலு சிஸ்டம், ஃபோன் வழியாக இணையம் வரும் டயல்-அப் லைன் ஒன்றே ஒன்று. நாலு பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால் ஒரு ஃபோட்டோ மேலிருந்து கீழே வரி வரியாக இறங்கும். மணிக்கு 60 ரூபாய் வாங்கினேன். அந்தக் காலத்தில் எங்கள் ஊருக்கு அது பெரிய காசு. அதனால் யாரும் சும்மா வர மாட்டார்கள். சட்டைப் பையில் ஒரு துண்டுச்சீட்டு இருக்கும். டாக்டர் எழுதிக்கொடுத்த நோயின் பெயர், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகனின் இமெயில், ஏதாவது ஒரு கல்லூரியின் கட்டணம். அதைத் தேடுவார்கள், கிடைத்தால் பிரிண்ட் எடுத்துக்கொண்டு எழுந்து போவார்கள். கிடைக்காவிட்டாலும் எழுந்து போவார்கள். இந்த எழுந்து போவதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், அதுதான் முக்கியம்.

தமிழில் படிப்பதே அப்போது பெரும்பாடு. ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு எழுத்துரு. அந்த எழுத்துரு கணினியில் இல்லையென்றால் பக்கம் முழுக்கக் கிறுக்கலாகத் தெரியும். பாமினி என்ற எழுத்துருவில் அடித்த 'தமிழ்' என்ற சொல்லை அந்த எழுத்துரு இல்லாத சிஸ்டத்தில் திறந்தால் ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி என்று வந்து நிற்கும். அம்மாக்கள் பக்கத்தில் உட்கார்ந்து மகனுக்குச் சொல்லச் சொல்ல, ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து அனுப்புவேன். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் மாநாடு நடந்தது, தமிழ்99 விசைப்பலகை வந்தது. ஆனாலும் எல்லா ஊரிலும் எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி தமிழ் தெரிய, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோட் பரவ வேண்டியிருந்தது. விண்டோஸ் எக்ஸ்பியில் லதா எழுத்துருவோடு தமிழ் தெரிந்தபோது என் கடையில் வேலை செய்த பையன் சந்தோஷத்தில் எல்லா சிஸ்டத்திலும் தன் பேரை அடித்து வைத்தான். இணையம் கொடுத்த வாக்கில் முழுசாக நிறைவேறியது எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். கம்பெனிக்காரர்கள் தானாகக் கொண்டுவந்து கொடுக்கவில்லை. பல நாட்டுத் தமிழர்கள் வருஷக்கணக்கில் மெயிலில் சண்டை போட்டு, பேசி, சம்பளம் இல்லாமல் செய்த வேலையும் அதற்குப் பின்னால் இருக்கிறது.

இனி நெசவாளி கதை. ஆரணி பட்டுக்குப் பேர்போன ஊர் என்று தெரிந்திருக்கும். நூல் கொடுத்து நெய்ய வைக்கும் மாஸ்டர் வீவரிடம் கூலிக்கு நெய்துகொண்டிருந்த ஒருவர், 2002 வாக்கில் சொந்தமாக நெய்த சேலை ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். அப்போது டிஜிட்டல் கேமரா எங்களிடம் கிடையாது. ஸ்கேனர் கண்ணாடியை நன்றாகத் துடைத்துவிட்டு, கரையை ஒரு தடவை, முந்தியை ஒரு தடவை, உடம்பில் ஒரு புட்டாவை ஒரு தடவை என்று அதன் மேல் விரித்து ஸ்கேன் செய்தோம். ஜரிகை இருக்கும் இடம் மட்டும் வெளிச்சம் பட்டு வெள்ளையாகிவிட்டது. அவருக்கு மனசு ஆறவில்லை, மறுபடி மறுபடி திருப்பி வைத்துப் பார்த்து, ஜரிகை நிறம் சரியாக விழுந்த பிறகுதான் மெயில் போட விட்டார். மலேசியாவில் இருந்த ஒரு சொந்தக்காரருக்குப் போனது. அவருக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று கல்யாணத்துக்கு ஆர்டர் கொடுத்தது. பாவு, ஊடை எல்லாம் தன் காசில் வாங்கி நெய்து அனுப்பினார். நடுவில் யாரும் இல்லை. நான் இந்தத் தொழிலை நம்பியது அன்றைக்குத்தான்.

இப்போது அவர் மகன் ஆன்லைனில் விற்கிறார். பெரிய விற்பனைத் தளம் ஒன்று, பெயர் வேண்டாம். கமிஷன் போக, வாங்கியவர் ஒரு தடவை கட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினால் அந்த நஷ்டமும் இவர் தலையில். இவர் எடுத்த ஃபோட்டோவையே வேறு யாரோ எடுத்துப் போட்டு, விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று பாதி விலைக்கு விற்கிறார்கள். தேடினால் அவர்கள்தான் முதலில் வருகிறார்கள். இவர் முதலில் வரவேண்டுமென்றால் விளம்பரத்துக்குத் தனியாகக் கட்ட வேண்டும். புகார் எழுதினோம், நான்தான் உட்கார்ந்து அடித்துக்கொடுத்தேன். இயந்திரம் எழுதிய பதில் வந்தது. மாஸ்டர் வீவர் கூலியைக் குறைத்தால் அவர் வீட்டு வாசலில் போய் நின்று கேட்கலாம், அவர் அடுத்த தெருவில்தான் இருக்கிறார். இந்தத் தரகருக்கு வாசலே கிடையாது.

அப்புறம் 2011. சைபர் கஃபேக்களுக்கு மத்திய அரசு விதிமுறை கொண்டுவந்தது. வருகிறவரிடம் அடையாள அட்டை வாங்க வேண்டும், யார் எப்போது வந்தார் என்று பதிவேட்டில் எழுதி ஒரு வருஷம் வைத்திருக்க வேண்டும், சிஸ்டங்களுக்கு நடுவில் இருக்கும் தடுப்பு நாலரை அடிக்கு மேல் இருக்கக்கூடாது. எல்லாவற்றையும் செய்தேன். பாதுகாப்புக்கு அது தேவை என்றே நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். ஆனால் என் பதிவேட்டில் இருந்தது பேரும் நேரமும். இன்றைக்கு ஒருவர் கையில் இருக்கும் ஃபோன், அவர் எந்தத் தெருவில் நிற்கிறார், எந்த வீடியோவில் எத்தனை நொடி நின்றார் என்பது வரை எழுதிக்கொள்கிறது. அந்தப் பதிவேட்டை அவர் கேட்டு வாங்கிப் பார்க்க முடியுமா?

நீங்கள் 2018 மே என்றதும் எனக்கும் அதே மாதம்தான் நினைவுக்கு வந்தது, வேறு காரணத்துக்கு. எங்கள் மாவட்டத்தில் போளூர் பக்கம், குலதெய்வக் கோயிலுக்குப் போக வந்த சென்னைக் குடும்பம் ஒன்று வழி கேட்க வண்டியை நிறுத்தியது. குழந்தைகளுக்கு ஒரு பாட்டி சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று கூட்டம் சேர்ந்து அடித்ததில் அந்த 65 வயது அம்மா இறந்துபோனார். அதற்கு முன்னால் பல நாளாக வாட்ஸ்அப்பில் பிள்ளை பிடிக்கும் கும்பல் பற்றிய ஆடியோவும் வீடியோவும் சுற்றிக்கொண்டிருந்தன. என் கடைக்கே ஃபோனைக் காட்டி "இது நிஜமாங்க?" என்று கேட்டு வந்தார்கள். அந்த வருஷம் நாடு முழுக்கச் சுற்றிய ஒரு வீடியோ, கராச்சியில் ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த விழிப்புணர்வுப் படம். பைக்கில் வந்து குழந்தையைத் தூக்குகிறவர்கள் கடைசியில் குழந்தையைத் திருப்பி இறக்கிவிட்டு, பிள்ளைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு அனுப்பினார்கள். நாட்டில் பல இடங்களில் ஆட்கள் செத்த பிறகு, ஜூலையில்தான் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்ட் பண்ண முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. முன்னாடியே செய்திருக்கக்கூடிய வேலைதானே அது? கேட்க எனக்கு இன்னும் கோபமாக வருகிறது.

எழுந்து போவதைப் பற்றிச் சொன்னேன் இல்லையா. என் கடையில் ஒருவர் பத்து நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டால் எனக்கு வருமானம் குறைவு. ஆனால் வேலை முடிந்தால்தான் அடுத்த வாரமும் வருவார். காசு கொடுத்தவர் அவர், அதனால் அவர் வேலை நடக்க வேண்டும். இன்றைக்கு ஃபோனில் இருக்கும் செயலிக்குக் காசு கொடுப்பவர் விளம்பரக்காரர். இவர் எழுந்து போகாமல் இருந்தால்தான் அதற்குப் பிழைப்பு. கோபம் வரவைக்கும் செய்தியும் பயமுறுத்தும் வீடியோவும் ஏன் முதலில் வருகின்றன என்றால், ஆளை உட்கார வைப்பதில் அவை கெட்டி. டேட்டா சல்லிசாக ஆனதால் கெட்டுப்போச்சு என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகுதான் எங்கள் பக்கத்துக் கூலிக்காரர்கள் கையில் இணையம் வந்தது. அவர்கள் வந்தது தப்பில்லை. அவர்களை உட்கார வைத்துக் காசாக்குவதுதான் தப்பு.

வடமராட்சி:

ஆரணி அண்ணை எழுதினதை இரண்டு தரம் வாசித்தேன். எங்கட பக்கத்துக் கதையையும் சொல்ல வேணும்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தார்கள். ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலானது. எங்கட வீட்டில் பெரியாக்கள் அதைப்பற்றிக் கதைக்கத் தொடங்கினால் நிற்பாட்ட மாட்டார்கள். ஆனபடியால் இணையம் வந்த நேரம் புலம்பெயர்ந்த ஆட்களுக்கு அது வியாபாரமாகவோ பொழுதுபோக்காகவோ தெரியவில்லை. ஒரே இடத்தில் வைத்து எரிக்க ஏலாத நூலகம் என்றுதான் பார்த்தார்கள்.

அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. 1993 ஏப்ரல் 30இல், ஜெனீவாவில் இருக்கிற செர்ன் ஆய்வகம், உலகளாவிய வலையின் (வெப்) மென்பொருளை யாரும் காசு கொடுக்காமல் எடுத்துப் பாவிக்கலாம் என்று அறிவித்தது. அதே ஜெனீவா ஏரிக்கரையில், லோசானில் இருந்த கல்யாணசுந்தரம் 1998 தைப்பொங்கல் அன்று, பழைய தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றுகிற மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். முதல் நூல் திருக்குறள். உலகத்தின் மூலைமுடுக்கெல்லாம் இருந்த தமிழ் ஆட்கள் வேலை முடிந்து வந்து, இரவில் இருந்து தட்டச்சுச் செய்தும் பிழை பார்த்தும் கொடுத்தார்கள். 2003இல் தமிழ் விக்கிப்பீடியா. 2005இல் நூலகம் திட்டம், அது ஈழத்து நூல்கள், பத்திரிகைகள், கோயில் மலர்கள், பள்ளிக்கூட மலர்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணிப் போடுகிறது. என்ர அம்மம்மா படித்த பள்ளிக்கூடத்தின் பழைய மலர் ஒன்றில் அவவின் பெயரை நான் கண்டுபிடித்தது அங்கேதான். சண்டைக்குள்ள அஞ்சாறு தரம் இடம்பெயர்ந்த குடும்பம் எங்களுடையது, வீட்டில் ஒரு காகிதம் மிச்சமில்லை.

மதி, உங்கட கட்டுரைக்கு ஒன்று சொல்வேன். இவை மூன்றும் இன்றைக்கும் நிற்கிறதற்குக் காரணம், விளம்பரத்தை நம்பி நடத்தவில்லை, கோப்புகளை யாரும் இறக்கித் தங்களிடம் படி வைத்துக்கொள்ளலாம். ஆட்கள் சொந்தப் பக்கம் போட இலவசமாக இடம் கொடுத்த ஜியோசிட்டீஸ் தளத்தை 2009இல் மூடினபோது இலட்சக்கணக்கான ஆட்களின் பக்கங்கள் அதோடு போனது. எங்கட ஊர்க்காரர் ஒருவர் செத்துப்போன ஆட்களின் படங்களையும் குறிப்புகளையும் வருடக்கணக்காக ஒரு சமூக வலைத்தளத்தில் மட்டும் போட்டு வந்தார். ஒரு நாள் கணக்கை முடக்கினார்கள், காரணம் சொல்லவில்லை. வேறு எங்கேயும் படி இல்லை.

கம்பத்துப் பொண்ணு:

எல்லாரும் சொன்னதை மதிக்கிறேன். ஆனால் ஆரணி அண்ணா, உங்கள் கடை மாதிரிக் கடைகளில் அந்தக் காலத்தில் எத்தனை பெண்கள் உட்கார்ந்தார்கள்? எங்கள் ஊரில் 2004இல் ஒரு பெண் பிரவுசிங் சென்டர் படியேறினால் சாயங்காலத்துக்குள் வீட்டுக்குச் செய்தி போய்விடும். கவுன்சிலிங் விவரம் பார்க்க எனக்குப் பதிலாக அண்ணன்தான் போனான். அவன் குறித்துக்கொண்டு வந்ததை வைத்துத்தான் நான் கல்லூரி தேர்ந்தெடுத்தேன்.

கல்யாணத்துக்கு அப்புறம் 2017இல் சொந்த ஃபோன் வந்தது. குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு யூடியூப் பார்த்து ஆரி வேலை கற்றுக்கொண்டேன். சங்கிலித் தையல் எப்படிப் போடுவது என்பதை ஊசி முனை தெரியும்படி ஓர் அக்கா கிட்டத்தில் காட்டுவார். நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி பார்த்து, பழைய சேலைத் துணியில் போட்டுப் பார்ப்பேன். இன்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஜாக்கெட் படம் போட்டால் தேனி, கூடலூர், சின்னமனூர் எல்லாப் பக்கமிருந்தும் கேட்கிறார்கள். அது என் சம்பாத்தியம். பார்லோ சொன்ன வாக்கு என் வரைக்கும் வந்தது 21 வருஷம் கழித்துத்தான்.

அதே ஃபோனில்தான் முன்பின் தெரியாத ஆண்கள் ராத்திரியில் செய்தி அனுப்புகிறார்கள். வேலையைக் காட்டப் படம் போட்டால் முகத்தை வெட்டிவிட்டுப் போடுகிறேன். இது இரண்டும் சேர்ந்ததுதான் எனக்கு இணையம். மதி, கட்டுரையில் பெண்களிடமும் கேட்டு எழுதுங்கள்.

ஆரணி பிரவுசிங் சென்டர்:

தங்கச்சி கேட்டது நியாயமான கேள்வி. முதல் மூன்று வருஷம் தனியாக வந்த பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிளஸ் டூ ரிசல்ட் அன்றைக்கு மட்டும் அப்பாக்களோடு வருவார்கள், அவர்கள் வெளியில் நிற்பார்கள், பதிவு எண்ணை அப்பாதான் உள்ளே வந்து சொல்வார். என் மனைவி கல்லாவில் உட்கார ஆரம்பித்த பிறகுதான் டீச்சர் டிரெய்னிங் பிள்ளைகள், நர்சுகள் எல்லாம் தைரியமாக வந்தார்கள். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அந்த இணையம் எட்டவில்லை என்று நீங்கள் சொல்வதை மதி கட்டாயம் எழுத வேண்டும்.

நெல்லை மதி:

இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. ஆரணி அண்ணன், ஒரு கேள்வி பாக்கி. உங்கள் கடைக்கு இன்றைக்கு யார் வருகிறார்கள்? எல்லோர் கையிலும் ஃபோன் இருக்கிறதே?

ஆரணி பிரவுசிங் சென்டர்:

ஃபோன் இருப்பவர்கள்தான் வருகிறார்கள் தம்பி. பென்ஷன் வாங்கும் பாட்டிகள், உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள், பட்டா மாற்ற வருகிறவர்கள். தாலுகா ஆபீஸ் போகாமல் வீட்டிலிருந்தே எல்லாம் செய்யலாம் என்று சொன்னார்கள். விண்ணப்பப் படிவத்தின் தலைப்பு தமிழில் இருக்கும், உள்ளே தப்பு வந்தால் காட்டும் செய்தி ஆங்கிலத்தில் இருக்கும். ஃபோட்டோ இத்தனை கேபிக்குள் இருக்க வேண்டும் என்பான், அதைச் சுருக்க அவர்கள் ஃபோனில் வழி தெரியாது. ஓடிபி மகன் நம்பருக்குப் போகும், மகன் திருப்பூரில் ஷிஃப்டில் இருப்பான், அவன் எடுத்துச் சொல்வதற்குள் நேரம் முடிந்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒரு விண்ணப்பத்துக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

இன்னொரு வகை, ஏமாந்துவிட்டு வருகிறவர்கள். போன மழைக்காலத்தில் ரிட்டயரான வாத்தியார் ஒருவர் நடுங்கிக்கொண்டே வந்தார். போலீஸ் உடுப்பில் ஒருத்தன் வீடியோ காலில் வந்து, உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம், ஃபோனை அணைக்கக்கூடாது, யாரிடமும் சொல்லக்கூடாது என்றிருக்கிறான். ஃபோனை அணைக்காமலே பணம் அனுப்ப என் கடைக்கு வந்தார். நான் வாங்கி அணைத்தேன். அப்படி ஒரு கைது நம் நாட்டுச் சட்டத்தில் கிடையாது. பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும், தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கணக்கு மாறிக்கொண்டே போய்விடும். இந்த எண்ணைக் கட்டுரையில் எங்காவது போட முடிந்தால் போடுங்கள்.

படிவங்கள் விஷயத்தில் உங்களுக்கு விவரம் வேண்டுமென்றால் காலை பதினொன்று முதல் ஒரு மணி வரை கடையில் வந்து உட்காருங்கள். அந்த நேரத்தில்தான் கூட்டம் அதிகம், அவர்களே சொல்வார்கள்.